மாசி, பங்குனியில் ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரிலிருந்து ஏரிகளுக்குப் பறவை பார்க்கப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். பக்கத்து வீட்டுக்காரர்கள், உறவுக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், தெரிந்த ஆசிரியர்கள் என்று கூட வருகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு மாசியிலும் அதே சந்தேகங்கள்தான் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே என் பதிலையும் கொடுத்திருக்கிறேன். காவேரிப்பாக்கம் ஏரியை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். பழைய வட ஆற்காட்டின் மற்ற ஏரிகளுக்கும் இது பொருந்தும்.

பறவைன்னா வேடந்தாங்கல்தானே? நம்ம பக்கம் என்ன இருக்கு?

ஏரிகள் இருக்கின்றன. வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை, வாலாஜா தாண்டிப் போனால், நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே காவேரிப்பாக்கம் வரும். பல்லவர் காலத்து ஏரி. தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. அதே அணைக்கட்டின் இன்னொரு கால்வாய் மகேந்திரவாடி ஏரிக்குப் போகிறது. அது முதலாம் மகேந்திரவர்மன் பெயரில் உள்ள ஏரி. பக்கத்திலேயே அவன் பாறையில் குடைந்த பெருமாள் கோயிலும் இருப்பதால், பறவையில் ஆர்வம் இல்லாதவர்களையும் அங்கே அழைத்துப் போகலாம். திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் தூசி மாமண்டூர் ஏரி இருக்கிறது. எங்கும் போக நேரமில்லை என்றால் ஊருக்குப் பக்கத்திலேயே சதுப்பேரியும் கழிஞ்சூர் ஏரியும் உண்டு.

வேடந்தாங்கலுக்கும் ஒருமுறை கட்டாயம் போய் வாருங்கள். காஞ்சிபுரம், உத்திரமேரூர் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். தண்ணீரில் நிற்கும் மரங்களில் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதை அங்கே நன்றாகப் பார்க்கலாம். அந்த ஊர் மக்கள் பறவைகளைக் காக்கச் சொல்லிக் கேட்டு, 1798-லேயே கலெக்டரிடம் ஆணை வாங்கியவர்கள். ஆனால் அங்கே முக்கியமானது கூடு. நம் ஏரிகளில் முக்கியமானது இரை. இரை தேடி வரும் வலசைப் பறவைகளைப் பார்க்க, விரிந்து கிடக்கும் நம் ஏரிகளே போதும்.

வசந்த காலம்னா சித்திரைதானே? பரீட்சை முடிஞ்சு லீவுல வரலாமா?

ஆறு பருவக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும்தான். மாசி, பங்குனி பின்பனிக் காலம். ஆனால் பறவைகளின் வசந்தம் அவை போய்ச் சேர வேண்டிய வடக்கு நாடுகளில் இருக்கிறது. அங்கே பனி உருகும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் இங்கே பங்குனியிலேயே கிளம்பியாக வேண்டும். சித்திரையில் வந்தால் வலசை வந்தவற்றில் பெரும்பகுதி போயிருக்கும்.

அதனால் மாசி நடுவிலிருந்து பங்குனி நடு வரை, அதாவது பிப்ரவரி இறுதியும் மார்ச் மாதமும்தான் சரியான நேரம். பரீட்சை நேரம்தான், தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் போதும், ஒன்பது மணிக்குத் திரும்பிவிடலாம்.

அங்க இருக்கிறதெல்லாம் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த பறவையாமே?

இல்லை. நான் அதிகம் கேட்கும் தவறான தகவல் இதுதான். பெரிதாக, அழகாக ஒரு பறவை தெரிந்தால் அதை வெளிநாட்டுப் பறவை என்று சொல்லிவிடுகிறோம். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. தண்ணீரும் மீனும் இருக்கும் இடத்துக்கு இங்கேயே இடம் மாறிக்கொண்டிருக்கும்.

உண்மையில் தூரத்திலிருந்து வருபவை அளவில் சிறியவை. யாரும் திரும்பிப் பார்க்காத பழுப்பு நிறத்தில் இருக்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், உள்ளான் வகைகள், மஞ்சள் வாலாட்டி, மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான். மத்திய ஆசியா, சைபீரியா என்று பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வருகின்றன. நீலச்சிறகி எடையில் அரைக் கிலோ கூட இருக்காது. அது போன ஐப்பசி, கார்த்திகையில் வந்து நம் ஏரியில் தின்று, இப்போது திரும்பிப் போகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. முதன்முறை வருகிறவர்களிடம் நான் காட்ட விரும்பும் முதல் பறவை அதுதான்.

எத்தனை மணிக்குக் கிளம்பணும்? வெயில் ஏறினப்புறம் போனா என்ன?

மார்ச்சில் நம் ஊரில் ஆறரை மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். அதற்குள் கரையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் வேலூரிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ஒன்பதுக்கு மேல் வெயில் மட்டும் பிரச்சினை இல்லை. தண்ணீருக்கு மேல் காற்று சூடாகிக் கானல் ஆடும். எவ்வளவு நல்ல கண்ணாடி வைத்திருந்தாலும் தூரத்துப் பறவை நெளிந்து நெளிந்துதான் தெரியும்.

எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதும் முக்கியம். பாலாற்றுப் படுகையில் பல ஏரிகளுக்கு நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால் கரை கிழக்கே இருக்கும். காலையில் அந்தக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும், பறவையின் நிறம் நன்றாகத் தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கருநிழல்தான்.

பைனாகுலர் இல்லாம வந்தா வீணா?

வீண் இல்லை. நாரை, கூழைக்கடா, கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி இவற்றுக்கு வெறும் கண் போதும். வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும்தான் பைனாகுலர் தேவைப்படும். வாங்குவதென்றால் 8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பதால் விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று விலை குறைவாக விற்பதை வாங்க வேண்டாம். கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகி ஒன்றும் நிலைத்துத் தெரியாது.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். இதை யாரும் சொல்லித் தராததால் 'எனக்கு ரெண்டு வட்டமாத்தான் தெரியுது' என்று திருப்பிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

வீட்டுப் பெண்களை அழைச்சிட்டு வரலாமா? பாத்ரூம் இருக்குமா?

தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் இது சரணாலயம் இல்லை, விவசாயத்துக்கான ஏரி. கரையில் கழிப்பறையும் கிடையாது, கடையும் கிடையாது. நெடுஞ்சாலையிலேயே பெட்ரோல் பங்கிலோ ஓட்டலிலோ வேலையை முடித்துக்கொண்டு கரைக்கு வாருங்கள். மாதவிலக்கு நாட்களில் வருகிறவர்களும் இதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். கேட்கத் தயங்கிக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் வந்து மயங்கியவர்கள் உண்டு, அதனால்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், முள் குத்தாத செருப்போ ஷூவோ போதும். சட்டை பச்சை, பழுப்பு, சாம்பல் என்று மங்கலாக இருக்கட்டும். வெள்ளை வேண்டாம்.

சின்னப் பிள்ளைங்க வரலாமா?

ஆறு வயதுக்கு மேல் என்றால் வரலாம், ஆனால் கரையை விட்டு இறங்கக் கூடாது. தண்ணீர் வற்றிய இடத்தில் மேலே காய்ந்த மாதிரி வெடித்திருக்கும் சேறு உள்ளே முழங்கால் ஆழத்துக்கு இளகியிருக்கும். அதைவிட ஆபத்து மண் எடுத்த பள்ளங்கள். மற்ற இடமெல்லாம் இடுப்பளவு தண்ணீர் இருக்க, அந்தப் பள்ளத்தில் மட்டும் இரண்டு ஆள் ஆழம் இருக்கும், வெளியே தெரியாது. நம் மாவட்டங்களில் ஒவ்வொரு வருடமும் இப்படிப் பிள்ளைகள் மூழ்கி இறந்து போகிறார்கள். நீச்சல் தெரிந்த பெரியவர்களும் இறங்க வேண்டாம்.

எல்லாம் ஒரே கருப்பா, வெள்ளையாத் தெரியுது. எதை வெச்சு அடையாளம் கண்டுபிடிக்கிறது?

நிறத்தை விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்று பாருங்கள். நீரில் மிதக்கிறதா, ஓரத்தில் நடக்கிறதா, மேலே பறந்தபடி இரை எடுக்கிறதா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி பறவைகள் பிரிந்துவிடும்.

மிதப்பவற்றில் கூட்டமாகக் கருப்பாக, நெற்றியில் வெள்ளை நாமம் போட்டது போல இருந்தால் நாமக்கோழி. பலரும் வாத்து என்றே நினைக்கிறார்கள். அது வாத்து இனம் இல்லை, தாழைக்கோழியின் உறவு. திடீரென்று முங்கி வேறு இடத்தில் எழுந்தால் முக்குளிப்பான். தலையை மட்டும் நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி நின்றால் ஊசிவால் வாத்தாக இருக்கலாம். அலகு அகப்பை மாதிரி அகன்று, நீரைத் தடவிக்கொண்டே போனால் தட்டைவாயன்.

நடப்பவற்றில் சிவப்புக் குச்சிக்கால் என்றால் நெடுங்கால் உள்ளான். அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தை குத்தி நாரை, வழுக்கும் நத்தையைப் பிடிக்க அந்த அமைப்பு உதவுகிறது. தாமரை இலைமேல் நீண்ட விரல்களோடு நடப்பது இலைக்கோழி. அதில் முட்டையை அடைகாப்பது ஆண்தான். இறக்கையை விரித்துக்கொண்டு கட்டையில் நிற்பது நீர்க்காகம், அதன் இறகு தண்ணீரில் ஊறிப் போவதால் காய வைக்கிறது. மேலே வட்டமிடாமல் காற்றில் தாழ்வாக, அலைவது போலப் பறந்து நீரைக் கொத்துவது ஆலா. எல்லா வாத்துகளும் ஒரே நேரத்தில் கலைந்து எழுந்தால் வானத்தைப் பாருங்கள், சேற்றுப் பூனைப்பருந்து வந்திருக்கும்.

முதல் நாளில் பத்துப் பறவை தெரிந்துகொண்டால் அதுவே நிறைய.

புத்தகத்துல ஒரு நிறம், ஏரியில வேற நிறமா இருக்கே?

மாசி, பங்குனியில் வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் வந்து இறங்கும்போது வலசைப் பறவைகளில் பல மங்கலாக இருக்கும், ஆணும் பெண்ணும் ஒன்றுபோலத் தெரியும். ஊருக்குத் திரும்பி ஜோடி சேர வேண்டும் என்பதால் கிளம்பும் முன் இறகு மாற்றிக்கொள்கின்றன. இப்போது பார்த்தால் ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் பட்டையாக இருக்கும். சாம்பல் நிறமாக இருந்த மூக்கன் என்ற நீள அலகுப் பறவையின் கழுத்திலும் மார்பிலும் செங்கல் நிறம் ஏறும். மீசை ஆலாவின் தலையில் கருப்புத் தொப்பியும் வயிற்றில் கருமையும் வரும். மஞ்சள் வாலாட்டிக்குப் பெயருக்கு ஏற்ற மஞ்சள் வருவதே இப்போதுதான்.

பாதி மாறிய, திட்டுத்திட்டான பறவைகளும் இருக்கும். அடையாளம் தெரியவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம், முந்தைய பதிலில் சொன்னபடி அதன் நடத்தையைப் பாருங்கள். இங்கேயே இருக்கும் உண்ணிக்கொக்கும் மடையானும் கோடையில்தான் நிறம் மாறும். உண்ணிக்கொக்கின் தலை ஆரஞ்சாகவும் மடையானின் முதுகு மெரூன் நிறமாகவும் ஆகும்.

ஏரி வத்திக்கிட்டே வருதே, தண்ணி நிறைய இருக்கிறப்போ வந்தாத்தானே பறவை இருக்கும்?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்தன. பார்க்க மனம் நிறைந்தது. ஆனால் ததும்பி நிற்கும் ஏரியில் உள்ளானுக்கு நிற்க இடமில்லை, நாரைக்கு ஆழம் அதிகம், வாத்துகள் எங்கெங்கோ பரவி இருக்கும்.

மதகு திறந்து பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக, ஓரத்தில் சேறு வெளிப்படும். அந்தச் சேற்றில்தான் புழுவும் பூச்சியும் நத்தையும். மீன்களும் ஒடுங்கிய நீரில் நெருக்கமாகச் சேரும். நீண்ட பயணத்துக்கு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்க்க வேண்டிய பறவைக்கு இதைவிட நல்ல பந்தி கிடைக்காது. நிறைவதும் இறங்குவதும் சேர்ந்ததுதான் ஏரி. நெல்லுக்கு விட்ட தண்ணீரே பறவைக்கு மேடையை அமைத்துக் கொடுக்கிறது.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

இத்தனை கேள்விகளில் இதுதான் எனக்கு மிக முக்கியம். மீட்டர் கணக்கு சொல்ல மாட்டேன், பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கினால் உங்களைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவையும் தலையைத் தூக்கி, எல்லாம் ஒரே பக்கம் திரும்பி மெல்ல நகர ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் கிட்டப் போய்விட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள், இரண்டு எட்டுப் பின்னால் வாருங்கள், உட்காருங்கள். பத்து நிமிடத்தில் மறுபடி தலை குனிந்து மேயும்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஐந்து பேர், படத்துக்காக ஏரிக்குள் இறங்கி நடந்தோம். நூற்றுக்கணக்கான நீலச்சிறகிகள் ஒரே சத்தமாக எழுந்தன. அழகாக இருந்தது, எல்லாரும் படம் எடுத்தோம். அவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே போய்விட்டன, அன்று காலை திரும்பவே இல்லை. அப்புறம்தான் யோசித்தேன். மாதக்கணக்கில் தின்று சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கை எங்கள் படத்துக்காக எரிக்க வைத்துவிட்டோம். அந்தப் படங்களை நான் இப்போது யாருக்கும் காட்டுவதில்லை. அதன் பிறகு கரையை விட்டு இறங்கியதும் இல்லை.

போன்ல பறவை சத்தம் போட்டா கிட்ட வருமாமே? டிரோன் விட்டா?

வரும். எதிரி தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று பயந்து வரும். கூடு கட்டும் நேரத்தில் அந்த அலைச்சலில் முட்டையை விட்டு எழுந்து வந்துவிடும். வேண்டாம். டிரோனைப் பறவைகள் பருந்தாகவே பார்க்கும், அதுவும் வேண்டாம்.

பங்குனியில் ஆள்காட்டி வெறும் தரையிலேயே முட்டையிடத் தொடங்கும். முட்டை கூழாங்கல் நிறத்தில் இருப்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. தலைக்கு மேல் கத்திக்கொண்டே ஒரு ஜோடி சுற்றினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். கூட்டைத் தேடிப் படமெடுக்க வேண்டாம். நீங்கள் நின்ற இடத்தைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

மீன் பிடிக்கிறவங்களும் மாடு மேய்க்கிறவங்களும் பறவைக்கு எதிரிதானே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் வரும் பரிசலையும் மாட்டையும் பறவைகள் பழகிவிட்டன. மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு மேய்வதைப் பாருங்கள். எந்த மூலையில் எந்தப் பறவை இருக்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கரைக்கு வந்ததும் முதலில் அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள், 'அண்ணே, இன்னைக்கு எந்தப் பக்கம் கூட்டமா இருக்கு?' என்று கேளுங்கள். குத்தகை ஏரி என்றால் நீங்கள் மீனுக்கு வரவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கெடுதல் செய்வது கிழிந்து கைவிடப்பட்ட நைலான் வலை. அதில் நாமக்கோழி, முக்குளிப்பான் கால் சிக்கிச் சாகின்றன. கரையில் கிடந்தால் எடுத்துச் சுருட்டி வெளியே கொண்டுவாருங்கள். பயன்பாட்டில் உள்ள வலையைத் தொட வேண்டாம்.

தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த ஆறாச்சே, இவ்வளவு பறவை வருதுன்னா தண்ணி சுத்தமாயிடுச்சா?

பறவைக் கூட்டத்தை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. நெடுங்கால் உள்ளான் சாக்கடைக் குட்டையில்கூட மேயும். பறவைக்கு இரை தெரியும், குரோமியம் தெரியாது. சேற்றில் படிந்தது புழுவுக்குள் போய், புழுவைத் தின்ற பறவைக்குள்ளும் போகும்.

பாலாற்றுக் கரையின் தோல் பதனிடும் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பால்தான். நம் ஊர்க்காரர்கள் தொடுத்த வழக்கு அது. ஏரிக்கு வரும் பிள்ளைகளுக்கு நாரையைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்.

ஏரிக்குள்ள இருக்கிற வேலிக்காத்தானை வெட்டினா பறவைக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். வேலிக்காத்தான் (சீமைக் கருவேலம்) மண்டினால் சேற்றுத் திட்டும் திறந்த நீரும் சுருங்கும், உள்ளானும் வாத்தும் இடம் இழக்கும். ஆனால் கொக்கும் நீர்க்காகமும் முள் மரத்தில்தான் பத்திரமாகக் கூடு கட்டுகின்றன, அது நாட்டுக் கருவேலமா வேலிக்காத்தானா என்று அவை பார்ப்பதில்லை. வெட்டத்தான் வேண்டும் என்றால் கூட்டில் முட்டையோ குஞ்சோ இல்லாத நேரம் பார்த்து, நாட்டுக் கருவேலத்தை விட்டுவிட்டு, பகுதி பகுதியாக வெட்டலாம். கிராம சபையில் இந்தப் பேச்சு வந்தால் எழுந்து இதைச் சொல்ல ஒருவராவது வேண்டும்.

ரோட்டோரம் கொக்கு விக்கிறாங்களே, வாங்கி பறக்க விட்டுடலாமா?

வாங்க வேண்டாம். நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு நாளை இன்னும் நான்கு பிடிபடும். காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்கிறவரிடம் சண்டைக்கும் போக வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

அடிபட்ட பறவையைப் பார்த்தா வாயில தண்ணி ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். துணியால் மூடிப் பிடித்து, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் நிழலான, சத்தமில்லாத இடத்தில் வைத்து வனத்துறையைக் கூப்பிடுங்கள். நாரை, கொக்கு என்றால் அலகு உங்கள் கண்ணுக்கு நேராக வராமல் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

பார்த்ததை எழுதி வைக்கணுமா? எதுக்கு?

எழுதுங்கள். தேதி, ஏரியின் பெயர், நேரம், பறவை, தோராய எண்ணிக்கை இவ்வளவு போதும். பெயர் தெரியாவிட்டால் 'சிவப்புக் கால், நீள அலகு' என்று எழுதினாலும் சரி. செல்போனில் ஈபேர்டு செயலியில் பதிந்தால் ஆய்வு செய்கிறவர்களுக்கும் போய்ச் சேரும். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இப்படிச் சாதாரண ஆட்கள் எண்ணிக் கொடுப்பதுதான்.

பங்குனியில் எழுதுவதற்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. ஒரு பறவை வந்த நாளை எல்லாரும் குறிக்கிறார்கள், கடைசியாக இருந்த நாளைக் குறிக்கிறவர் குறைவு. வாத்துகளில் நீலச்சிறகி கிட்டத்தட்டக் கடைசியில் கிளம்புவது. என் நோட்டில் ஒவ்வொரு வருடமும் அதற்கு ஒரு வரி இருக்கிறது: 'இன்று பன்னிரண்டு', அடுத்த வாரம் 'மூன்று', அதற்கடுத்த வாரம் 'இல்லை'. அந்த 'இல்லை' என்பதை எழுதவும் ஒரு காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போக வேண்டும்.